வினவலும் அதிகாரமும்: தரவுத்தள வினவல்களை இயக்குமுன் சோதிக்கும் முறையின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

செயற்கை நுண்ணறிவு முகவர்கள் தாமே வினவல்களை இயற்றித் தரவுத்தளத்தில் இயக்கும் நிலை அண்மை ஆண்டுகளில் உருவாகியுள்ளது. அவ்வினவல்களை இயக்குமுன் எவ்வாறு சோதிப்பது என்னும் வினா புதியதாகத் தோன்றினும் அதன் வேர்கள் 1970-களில் உள்ளன. உறவுநிலைத் தரவுத்தளங்களின் தொடக்கம் முதல் 2025 வரை இச்சோதனை முறை அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. வினவலின் சொற்களைப் படித்து அதன் தீங்கை அறிய முயன்ற முறைகள் பலமுறை தோற்றன என்பதையும், வினவல் இயங்கும் இடத்திலேயே அதிகாரத்தை வரையறுத்த முறைகள் நிலைத்து நின்றன என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், வினவல், அனுமதி, உட்செலுத்தல், பெருமொழி மாதிரி, முகவர்நிரல்.

முன்னுரை

தரவுத்தளத்தை நோக்கி எழுதப்படும் வினவல் கேள்வியாகத் தோன்றினும் இயல்பால் அது ஒரு கட்டளையாகும். ஒரு கல்லூரியின் மதிப்பெண் அட்டவணையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு மாணவரின் மதிப்பெண்ணைக் கேட்பதும், எல்லா மாணவர்களின் மதிப்பெண்களையும் அழிப்பதும் ஒரே மொழியில், ஒரே வாயில் வழியாக, ஏறத்தாழ ஒரே நீளமுள்ள தொடர்களால் நிகழக்கூடியவை. ஒரு மாணவரின் பதிவை நீக்க எழுதப்பட்ட கட்டளையில் ‘எவருடைய பதிவு’ என்பதை வரையறுக்கும் நிபந்தனைப் பகுதி விடுபட்டால் அட்டவணை முழுவதும் வெறுமையாகும். ஆயினும் அக்கட்டளையில் இலக்கணப் பிழை சிறிதும் இராது.

இலக்கணப் பிழையின்மை வேறு, தீங்கின்மை வேறு என்னும் இவ்வுண்மையே வினவல் சோதனையின் தொடக்கப்புள்ளி. மனிதர் எழுதிய வினவலுக்கும், மனிதர் தந்த தரவைக் கொண்டு நிரல் தொகுத்த வினவலுக்கும், இன்று பெருமொழி மாதிரியின் துணையால் இயங்கும் முகவர்நிரல் இயற்றும் வினவலுக்கும் இது பொதுவானது. வினவலை இயற்றுவோர் மாறுந்தோறும் சோதனையின் அடிப்படையும் மாறியது. அம்மாற்றங்களின் வரிசையைப் பின்வரும் பகுதிகள் விளக்குகின்றன.

1. வினவல் மொழியின் தோற்றம்

ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட், தரவை அட்டவணைகளாகக் கருதும் உறவுநிலை மாதிரியை 1970 ஜூனில் வெளியான தம் கட்டுரையில் முன்வைத்தார். தரவு எவ்விடத்தில், எவ்வடிவில் சேமிக்கப்பட்டுள்ளது என்பதைப் பயனர் அறியத் தேவையில்லை என்பது அம்மாதிரியின் அடிப்படைக் கருத்து. அதே ஆய்வகத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் ‘சீக்வெல்’ என்னும் வினவல் மொழியை அறிமுகப்படுத்தினர். வணிகப்பெயர் உரிமைச் சிக்கலால் அது பின்னர் எஸ்கியூஎல் எனப் பெயர் மாறியது. 1986-இல் அமெரிக்காவிலும் 1987-இல் பன்னாட்டு அளவிலும் அது தரநிலையாக ஏற்கப்பட்டது.

இம்மொழியின் இரண்டு இயல்புகள் இங்குக் கருதத்தக்கன. முதலாவது, நிரல் எழுதப் பயிலாதோரும் பயன்படுத்த வேண்டும் என்னும் நோக்கில் அது உருவாக்கப்பட்டது. இரண்டாவது, ‘எது வேண்டும்’ என்பதை மட்டுமே பயனர் கூறுவார். ‘எவ்வாறு எடுப்பது’ என்பதைத் தரவுத்தள மென்பொருளே முடிவுசெய்யும். இதனால் எழுதப்பட்ட தொடருக்கும் அது விளைவிக்கும் செயலுக்கும் இடையே தொலைவு ஏற்பட்டது. இரண்டே வரிகள் கொண்ட வினவல் ஒரு நொடிக்குள் முடியலாம். கோடிக்கணக்கான பதிவுகளை ஒன்றோடொன்று பெருக்கிக் கணினியை மணிக்கணக்கில் முடக்கவும் செய்யலாம்.

இத்தொலைவே சோதனைக்கும் இடமளித்தது. வினவல் முதலில் பாகுபடுத்தப்படுகிறது. பின்னர் அதற்கான செயல்திட்டம் வகுக்கப்படுகிறது. அதன்பின்னரே அது இயங்குகிறது. இயங்குவதற்கு முந்தைய அவ்விரு படிநிலைகளில் வினவலை நிறுத்தவோ திருத்தவோ இயலும்.

2. 1970-களின் இரு விடைகள்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ‘இன்கிரெஸ்’ என்னும் தரவுத்தளம் உருவானது. அதன் ஆக்குநர்களான மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் 1974-இல் வினவலைத் திருத்தியமைக்கும் முறையை முன்மொழிந்தனர். பயனர் தரும் வினவலை ஏற்பதா மறுப்பதா என்று மட்டும் பாராமல், அவருக்கு உரிய எல்லையை ஒரு நிபந்தனையாக வினவலோடு சேர்த்து இயக்குவது அம்முறை. மேற்காட்டிய கல்லூரியில் ஒரு துறையின் ஆசிரியர் ‘எல்லா மதிப்பெண்களும் வேண்டும்’ என்று கேட்டால், ‘அவருடைய துறைக்கு உரியவை மட்டும்’ என்னும் நிபந்தனையைத் தரவுத்தளமே இணைத்துவிடும். வினவல் தீய நோக்குடையதா என ஆராயும் தேவை இதனால் எழுவதில்லை.

ஐபிஎம் ஆய்வகத்தின் ‘சிஸ்டம் ஆர்’ திட்டம் வேறொரு வழியைத் தேர்ந்தது. பட்ரிசியா கிரிஃபித்ஸும் பிராட்ஃபோர்டு வேடும் 1976-இல் வெளியிட்ட கட்டுரை அதனை விளக்குகிறது. அட்டவணையை உருவாக்கியவர் படித்தல், சேர்த்தல், நீக்கல் முதலிய உரிமைகளைப் பிறருக்குத் தனித்தனியே வழங்கலாம். வழங்கியதைத் திரும்பப் பெறலாம். ஒருவரிடமிருந்து உரிமை திரும்பப் பெறப்பட்டால், அவ்வுரிமையைக் கொண்டு அவர் பிறருக்கு வழங்கியவையும் நீங்கும். இன்றைய எஸ்கியூஎல் மொழியின் ‘கிராண்ட்’, ‘ரிவோக்’ கட்டளைகள் இவ்வழி வந்தவை.

இக்காலத்திலேயே, 1975-இல், ஜெரோம் சால்ட்ஸரும் மைக்கேல் ஷ்ரோடரும் கணினிப் பாதுகாப்பின் பொது நெறிகளைத் தொகுத்தனர். பணிக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையையே ஒரு நிரலுக்கு அளித்தல், வெளிப்படையாக அனுமதிக்கப்படாததை மறுத்தல், ஒவ்வோர் அணுகலையும் தவறாது சோதித்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். மேற்கண்ட முறைகள் அனைத்துக்கும் பொதுவான ஓர் எடுகோள் உண்டு. வினவலை அனுப்புபவர் யார் என்பது தரவுத்தளத்துக்குத் தெரியும் என்பதே அது. பின்வந்த காலத்தில் முதலில் தகர்ந்தது இந்த எடுகோளே.

3. குழம்பிய பிரதிநிதி

ஒரு நிரல் பிறர் பொருட்டுச் செயல்படும்போது யாருடைய அதிகாரத்தைப் பயன்படுத்துகிறது என்னும் சிக்கலை நார்ம் ஹார்டி 1988-இல் ஒரு சிறு கட்டுரையில் பதிவுசெய்தார். டைம்ஷேர் நிறுவனத்தின் கணினியில் இருந்த நிரல்பெயர்ப்பி, தன் பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களைக் குறிப்பதற்காக ஒரு குறிப்பிட்ட அடைவில் எழுதும் உரிமை பெற்றிருந்தது. கட்டணக் கணக்குக் கோப்பும் அதே அடைவில் இருந்தது. தமக்கு வேண்டிய பிழைத்திருத்த வெளியீட்டை எழுதுவதற்கான கோப்பாக அக்கணக்குக் கோப்பின் பெயரையே ஒரு பயனர் கொடுத்தார். நிரல்பெயர்ப்பி தன் உரிமையைக் கொண்டு அக்கோப்பின்மேல் எழுதியது. கட்டணக் கணக்கு அழிந்தது.

அப்பயனருக்கு அக்கோப்பில் எழுதும் உரிமை இருந்ததில்லை. நிரல்பெயர்ப்பிக்கும் தீய நோக்கம் ஏதுமில்லை. இருவரிடமிருந்து வந்த அதிகாரங்களை ஒரே நிரல் தாங்கி நின்றமையும், எச்செயலுக்கு எவருடைய அதிகாரம் என அது பிரித்தறியாமையுமே அழிவுக்குக் காரணமாயின. ஹார்டி இதனைக் ‘குழம்பிய பிரதிநிதி’ என்று பெயரிட்டார். முகவர்நிரல்களைப் பற்றிய இன்றைய விவாதங்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட இக்கட்டுரை, அவற்றின் மையச் சிக்கலை முன்னரே வரையறுத்துவிட்டது எனலாம்.

4. அரைப்புள்ளியும் மேற்கோள்குறியும்

1990-களில் இணையத்தளங்கள் தரவுத்தளங்களோடு இணைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான பயனர்களின் கோரிக்கைகள் ஒரே கணக்கின் பெயரில் தரவுத்தளத்தை அடைந்தன. கேட்பவர் மாணவரா ஆசிரியரா என்பது இணைய நிரலுக்கு மட்டுமே தெரியும். தரவுத்தளம் இணைய நிரலை மட்டுமே அறியும். கிரிஃபித்ஸும் வேடும் வகுத்த உரிமைப் பகுப்பு நடைமுறையில் பயனற்றுப்போனது. பயனர் படிவத்தில் இட்ட சொல்லை மேற்கோள்குறிகளுக்கு நடுவே பொருத்தி நிரல் வினவலைத் தொகுத்தது.

1998 டிசம்பரில் ‘ஃபிராக்’ என்னும் மின்னிதழில் ‘ரெயின் ஃபாரஸ்ட் பப்பி’ என்னும் புனைபெயரில் வெளியான கட்டுரை இதன் விளைவை வெளிப்படுத்தியது. படிவத்தில் இடும் சொல்லைக் கொண்டே வினவலை முடித்து, அதன் பின்னே இன்னொரு கட்டளையைத் தொடுத்து அனுப்பினால், தரவுத்தளம் இரண்டையும் அடுத்தடுத்து இயக்கும். பின்னர் ‘எஸ்கியூஎல் உட்செலுத்தல்’ எனப் பெயர்பெற்ற தாக்குதல் இதுவே. தரவாகக் கருதப்பட்டது கட்டளையாக மாறியமையே இதன் சாரம். இதன் விளைவு சிறிதன்று. 13 கோடிக்கும் மேற்பட்ட கடன் அட்டை, பற்று அட்டை எண்கள் களவாடப்பட்டதாக 2009-இல் அமெரிக்காவில் பதிவான குற்றப்பத்திரிகை, எஸ்கியூஎல் உட்செலுத்தலைத் தாக்குதல் வழியாகக் குறிப்பிட்டது.

முதலில் எழுந்த தற்காப்பு, சொற்களைத் தேடி மறுப்பதாக அமைந்தது. நீக்கும் கட்டளைச் சொற்கள், மேற்கோள்குறி, அரைப்புள்ளி ஆகியவை காணப்பட்டால் வடிகட்டி மறுக்கும். இம்முறை இரு வகையிலும் தவறியது. பெயரில் மேற்கோள்குறி உடைய நேர்மையான பயனர் மறுக்கப்பட்டார். சொற்களின் நடுவே குறிப்புரைக் குறிகளை இட்டும், எழுத்துகளை வேறு குறியாக்கத்தில் அனுப்பியும் தாக்குவோர் வடிகட்டியைக் கடந்தனர். வடிகட்டி ஒரு முறையிலும் தரவுத்தளம் வேறொரு முறையிலும் அதே தொடரைப் படித்தமையே தோல்விக்குக் காரணம்.

நிலைத்த தீர்வு வேறிடத்திலிருந்து வந்தது. வினவலின் கட்டமைப்பை முதலில் அனுப்பிப் பாகுபடுத்தச் செய்து, பயனர் தரும் மதிப்புகளைத் தனியே பின்னர் அனுப்புவது அம்முறை. இதனை ‘முன்தயாரித்த வினவல்’ எனலாம். பின்வரும் மதிப்பு எத்தகையதாயினும் கட்டமைப்பை மாற்ற இயலாது. ஆய்வுலகமும் இத்திசையிலேயே சென்றது. 2004-இல் பாய்டும் கெரோமைட்டிஸும் எஸ்கியூஎல் சொற்களோடு மறைவான எண்களை இணைத்து, வெளியிலிருந்து வந்த சொற்களைப் பிரித்தறியும் முறையை அறிவித்தனர். 2005-இல் ஹால்ஃபாண்டும் ஓர்சோவும், நிரலை முன்கூட்டியே பகுத்தாய்ந்து அது இயற்றக்கூடிய வினவல் வடிவங்களை மாதிரியாக்கி, இயங்கும்போது ஒப்பிடும் ‘அம்னீசியா’ முறையை வெளியிட்டனர்.

இவ்வாய்வுகளும் ஓர் எடுகோளின்மீதே நின்றன. வினவலின் கட்டமைப்பு நிரலரால் முன்னரே எழுதப்பட்டுள்ளது. அதனோடு ஒப்பிட்டு மாறுபாட்டைக் கண்டறியலாம் என்பதே அது. முகவர்நிரல்களின் வருகை இந்த இரண்டாம் எடுகோளையும் தகர்த்தது.

5. இயல்மொழியிலிருந்து வினவல்

மனிதர் பேசும் மொழியில் கேட்பதை வினவலாக்கும் முயற்சியும் 1970-களின் தொடக்கத்திலேயே நிகழ்ந்தது. வில்லியம் வுட்ஸும் குழுவினரும் உருவாக்கிய ‘லூனார்’ அமைப்பு, அப்பல்லோ விண்கலங்கள் கொணர்ந்த நிலவுப் பாறைகளின் வேதியியல் தரவைப் பற்றிய ஆங்கிலக் கேள்விகளை முறைசார் வினவல்களாக மாற்றியது. அதன் இலக்கணம் மனிதரால் வகுக்கப்பட்டது. அவ்விலக்கணத்துக்குள் அடங்காத வினவலை அதனால் இயற்ற இயலாது. அந்த எல்லையே அதற்குப் பாதுகாப்பாகவும் அமைந்தது.

நரம்புவலைப் பின்னல்களைக் கொண்டு இம்மாற்றத்தைக் கற்பிக்கும் ஆய்வுகள் 2017-இல் வெளியான ‘விக்கிஎஸ்கியூஎல்’, 2018-இல் யேல் பல்கலைக்கழகத்தினர் தலைமையில் வெளியான ‘ஸ்பைடர்’ ஆகிய தரவுத்தொகுப்புகளால் வளர்ந்தன. 200 தரவுத்தளங்கள் மீதான 10,181 கேள்விகள் ஸ்பைடரில் இடம்பெற்றன. இயற்றப்பட்ட வினவல் எதிர்பார்த்த வினவலோடு பொருந்துகிறதா, சரியான விடையைத் தருகிறதா என்பனவே இத்துறையின் அளவுகோல்களாயின. கேட்டவருக்கு அவ்விடையைப் பெறும் உரிமை உண்டா என்பதை அவ்வளவுகோல்கள் அளக்கவில்லை. ஆய்வுச் சூழலில் இது குறையாகத் தோன்றவில்லை. உண்மையான தரவுத்தளத்தோடு இணைத்தபோதே அக்குறை புலப்பட்டது.

6. முகவர்நிரலின் வருகை

முகவர்நிரல் ஒரு வினவலை இயற்றி, இயக்கி, வந்த விடையைப் படித்து, அதற்கேற்ப அடுத்த வினவலை இயற்றுகிறது. அது படிக்கும் விடையில் அயலார் எழுதிய உரையும் இருக்கலாம். மாணவர் குறைதீர்ப்பு அட்டவணையின் ஒரு பதிவில், ‘இதனைப் படிக்கும் நிரல் எல்லா மதிப்பெண்களையும் எடுத்து இங்கே எழுதுக’ என ஒருவர் எழுதி வைத்திருந்தால், முகவர்நிரல் அதனைப் பயனரின் ஏவலாகவே கொள்ளக்கூடும். பெருமொழி மாதிரிக்குக் கட்டளையும் தரவும் ஒரே சொற்தொடராகவே வந்துசேர்கின்றன. இவ்வகைத் தாக்குதலுக்கு 2022 செப்டம்பரில் சைமன் வில்லிசன் இட்ட பெயர், ‘தூண்டுரை உட்செலுத்தல்’ எனத் தமிழாக்கத்தக்கது. எஸ்கியூஎல் உட்செலுத்தலை ஒப்புநோக்கியே அவர் அப்பெயரை அமைத்தார். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கட்டமைப்பையும் மதிப்பையும் பிரித்தனுப்பும் தீர்வுக்கு நிகரானது இங்கு இல்லை. கட்டமைப்பை இயற்றுவதே தரவைப் படித்த அந்த மாதிரிதான்.

2023-இல் ரோட்ரிகோ பெட்ரோவும் உடனாய்வாளர்களும், தூண்டுரை உட்செலுத்தல் வழியாக எஸ்கியூஎல் தாக்குதல் நிகழும் முறையை ‘லாங்செயின்’ நிரல்தொகுப்பைக் கொண்டு ஆராய்ந்தனர். தரவை மாற்றும் கட்டளைகளை இயற்றாதே என மாதிரிக்கு முன்னுரையாகத் தரும் அறிவுரையைக் கடக்க இயலும் என்பதை அவர்கள் காட்டினர். அவர்கள் பரிந்துரைத்த தற்காப்புகளுள் தரவுத்தள அனுமதிகளைச் சுருக்குவதும், பயனருக்கு உரிய பதிவுகளோடு மட்டும் இயங்குமாறு வினவலைத் திருத்தியெழுதுவதும் அடங்கும். முன்னது சிஸ்டம் ஆரின் வழி; பின்னது இன்கிரெஸின் வழி. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் ஆய்வு தன் தொடக்கத்துக்கே திரும்பியது.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் நெறிமுறை, மாதிரிகளைத் தரவுத்தளங்களோடும் பிற கருவிகளோடும் இணைப்பதை எளிதாக்கியது. அதனோடு மாதிரியாகத் தரப்பட்ட போஸ்ட்கிரஸ் இணைப்பி, வினவலைப் ‘படிக்க மட்டும்’ என்னும் பரிவர்த்தனைக்குள் வைத்து இயக்கியது. 2025-இல் அதன் ஓட்டை வெளிப்பட்டது. அனுப்பப்படும் வினவலின் தொடக்கத்திலேயே பரிவர்த்தனையை முடிக்கும் சொல்லை இட்டு, ஓர் அரைப்புள்ளிக்குப்பின் அழிக்கும் கட்டளையைத் தொடுத்தால், காப்பு நீங்கிய நிலையில் இரண்டாம் கட்டளை இயங்கியது. 1998-இல் விவரிக்கப்பட்ட தொடுப்பு முறையே இது. ஒரு முறைக்கு ஒரே கட்டளையை ஏற்கும் முன்தயாரித்த வினவல் வடிவத்தில் இவ்வழி அடைபடுகிறது.

அழிவுக்குத் தாக்குபவர் இருந்தே ஆகவேண்டும் என்பதுமில்லை. 2025 ஜூலையில் பரவலாகப் பேசப்பட்ட ஒரு நிகழ்வில், மாற்றம் எதுவும் செய்யலாகாது என அறிவுறுத்தப்பட்டிருந்த குறியாக்க முகவர்நிரல் ஒன்று, பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தின் பதிவுகளை நீக்கியது. மீட்க இயலாது என்றும் அது கூறியது. பின்னர் மீட்க முடிந்தது. அச்சேவையை நடத்திய நிறுவனம், உருவாக்கத் தரவுத்தளத்தையும் பயன்பாட்டுத் தரவுத்தளத்தையும் தனித்தனியே பிரிக்கும் ஏற்பாட்டை அறிவித்தது. அறிவுரையின் இடத்தை அதிகார வரம்பு எடுத்துக்கொண்டது என்பதே இதன் பொருள்.

7. இன்றைய சோதனைகளும் அவற்றின் எல்லைகளும்

இன்று கையாளப்படும் சோதனைகளை நான்கு வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, வினவலைப் பாகுபடுத்தி அதன் தொடரியல் மரத்தை நோக்கும் சோதனை. சொற்களைத் தேடும் வடிகட்டியினும் இது மேம்பட்டது. ஆயினும் ‘செலக்ட் எனத் தொடங்குவன தீங்கற்றவை’ என்னும் விதி போதாது. போஸ்ட்கிரஸில் ‘வித்’ எனத் தொடங்கிச் செலக்டில் முடியும் ஒரு வினவல், தன்னுள் நீக்கும் கட்டளையைக் கொண்டிருக்கலாம். 2011-இல் வெளியான 9.1 பதிப்பு முதல் இது இயலும். செலக்ட் அழைக்கும் செயற்கூறு ஒன்று பிறருடைய இணைப்பைத் துண்டிக்கவும் கூடும்.

இரண்டாவது, செயல்திட்டத்தைக் கேட்டு, வினவலின் சுமையை மதிப்பிடும் சோதனை. ‘எக்ஸ்பிளெயின்’ கட்டளை இதற்கு உதவுகிறது. ஆனால் அதனோடு ‘அனலைஸ்’ என்னும் சொல் சேர்ந்தால் வினவல் உண்மையிலேயே இயங்கிவிடும். சோதிப்பதாக எண்ணி இயக்கிவிடும் இப்பிழை, சோதனைக்கும் செயலுக்கும் இடையிலுள்ள எல்லை எத்துணை மெல்லியது என்பதைக் காட்டுகிறது.

மூன்றாவது, தீர்ப்புச் சோதனை. வினவலை மனிதரோ மற்றொரு மாதிரியோ படித்து ஒப்புதல் அளிப்பது இது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான ஒப்புதல்களைக் கேட்கும்போது மனிதர் படியாமலே ஒப்புவர். மற்றொரு மாதிரியோ, முதல் மாதிரியை ஏமாற்றிய அதே உரையையே படிக்க நேரிடும்.

நான்காவது, தரவுத்தளத்துக்குள்ளேயே நிகழும் சோதனை. முகவர்நிரலுக்கெனக் குறைந்த உரிமையுடைய தனிக் கணக்கு, படிக்க மட்டுமான நகல் தரவுத்தளம், கால வரம்பு ஆகியன இதனுள் அடங்கும். எஸ்கியூலைட் மென்பொருள், வினவலைத் தொகுக்கும்போதே அது தொடும் ஒவ்வோர் அட்டவணையையும் நெடுவரிசையையும் குறித்து அனுமதி கேட்கும் வசதியைத் தருகிறது. இன்கிரெஸின் வழித்தோன்றலான போஸ்ட்கிரஸ் தன் பெயரிலேயே அவ்வுறவைத் தாங்கி நிற்பது. 2016-இல் வெளியான அதன் 9.5 பதிப்பு, பதிவுநிலைப் பாதுகாப்பை அறிமுகப்படுத்தியது. பயனருக்கு உரிய நிபந்தனையைத் தரவுத்தளமே ஒவ்வொரு வினவலோடும் சேர்க்கும் 1974-ஆம் ஆண்டின் கருத்து இவ்வாறு மறுபிறவி எடுத்தது.

முதல் மூன்றும் வினவலைப் படிப்பவை. நான்காவது வினவல் எட்டக்கூடிய எல்லையை வரைபவை. முன்னவை பிழைகளை முன்கூட்டியே கண்டறியவும், முகவர்நிரலுக்குத் திருத்தம் கூறவும் பெரிதும் பயன்படும். ஆனால் அவை தவறும் நாளில் இழப்பின் அளவை முடிவுசெய்வது நான்காவதே. ஒரு மாணவருக்காகச் செயல்படும் முகவர்நிரல் அம்மாணவரின் பதிவை மட்டுமே காணும் கணக்கில் இயங்குமாயின், குறைதீர்ப்பு அட்டவணையில் எவர் எதை எழுதி வைத்தாலும் பிறருடைய மதிப்பெண்கள் வெளிப்படா. படித்தல் மட்டும் தீங்கற்றது என்னும் எண்ணமும் இங்குத் திருத்தப்பட வேண்டியது. படித்ததை வெளியே அனுப்பும் வழி முகவர்நிரலுக்கு இருக்குமாயின், எதையும் மாற்றாத வினவலே பெருங்கேடு விளைவிக்கக்கூடும்.

முடிவுரை

ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் இரண்டு எடுகோள்கள் அடுத்தடுத்து வீழ்ந்தன. கேட்பவர் யார் என்பது தெரியும் என்னும் எடுகோள் இணையத்தால் வீழ்ந்தது. வினவலின் கட்டமைப்பு நிரலருடையது என்னும் எடுகோள் முகவர்நிரலால் வீழ்ந்தது. முதல் வீழ்ச்சியின்போது பயனரின் அடையாளத்தைத் தரவுத்தளம் வரை கொண்டுசேர்க்காமல், உட்செலுத்தலை மட்டும் தடுத்தமைந்தனர். அன்று தீர்க்கப்படாத அக்குறையே இன்று மீண்டும் முன்நிற்கிறது. முகவர்நிரல் யார் பொருட்டுச் செயல்படுகிறது என்பதைத் தரவுத்தளம் அறியாதவரை அது ஹார்டி கூறிய குழம்பிய பிரதிநிதியாகவே இருக்கும்.

எனவே, வினவல் நல்லதா தீயதா என்னும் கேள்விக்கு முன்னதாக, அதனை இயக்கும் கணக்குக்கு எவ்வளவு உரிமை தரப்பட்டுள்ளது என்னும் கேள்வி எழுப்பப்பட வேண்டும். முன்னதற்கு ஒவ்வொரு வினவலுக்கும் புதிதாக விடை காண வேண்டும். அவ்விடை தவறவும் கூடும். பின்னதற்கு ஒருமுறை தெளிவாக விடை வகுத்துத் தரவுத்தளத்திலேயே பதித்துவிட இயலும். மதிப்பெண் அட்டவணை, நூலகப் பதிவேடு, ஆய்வுத் தரவு என எதனோடும் முகவர்நிரலை இணைக்க முற்படும் நிறுவனம், இணைப்புக்கு முன்பே அவ்விடையை எழுதி வைத்தல் இன்றியமையாதது.